விலையும் மதிப்பும்

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் வணிகவியல் ஆசிரியனுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். துறைத்தலைவர் என்னிடம் கட்டுரை கேட்டபோது அந்த ஐயம் முதலில் எனக்கே எழுந்தது. 1988-ஆம் ஆண்டு விரிவுரையாளனாகச் சேர்ந்து, 2023-இல் ஓய்வு பெறும் வரை பற்று, வரவு, இருப்பு என்னும் மூன்று சொற்களோடு வாழ்ந்தவன் நான். ஆயினும், முப்பாலில் 70 அதிகாரங்களைப் பொருட்பாலுக்கு ஒதுக்கிய பேராசானின் மொழியில் பொருளைப் பற்றிப் பேச எவருக்கும் உரிமை உண்டு என்று தேறி எழுதத் துணிந்தேன்.

பங்குச்சந்தையில் விலை வேறு, மதிப்பு வேறு என்பதை வாழ்நாள் முழுவதும் கற்பித்த பேராசிரியர் இருவரைப் பற்றியதே இக்கட்டுரை. ஒருவர் அமெரிக்காவின் பெஞ்சமின் கிரகாம். மற்றவர் சென்னையில் பிறந்து நியூயார்க்கில் கற்பிக்கும் அஸ்வத் தாமோதரன். ஆனால் அவர்களைப் பற்றிச் சொல்லுமுன், நான் கற்பிக்கத் தவறிய ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அத்தவறு நேராதிருந்தால் அவ்விருவரையும் நான் தேடிப் போயிருக்க மாட்டேன்.

திண்ணையில் எழுந்த கேள்வி

1996-ஆம் ஆண்டு. தக்கலைக்கு அருகே நாங்கள் குடியிருந்த தெருவில், எனக்கு மணலில் விரல் பிடித்து அகரம் எழுதுவித்த தலைமையாசிரியர் ஒருவர் பணி ஓய்வு பெற்று வாழ்ந்துவந்தார். வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையுமாகச் சேர்ந்து ஒரு தொகை அவர் கைக்கு வந்திருந்தது. இளைய மகளின் திருமணம் எஞ்சியிருந்தது. அந்நாளில் ஊர்தோறும் நிதி நிறுவனங்கள் முளைத்துக்கொண்டிருந்தன. கண்ணாடிக் கதவும் குளிரூட்டிய அறையும் கொண்ட அலுவலகங்களில், ஆண்டுக்கு 24 விழுக்காடு வட்டி தருவதாக வண்ணத்தாளில் அச்சிட்டு வழங்கினார்கள். வங்கிகள் அதில் ஏறத்தாழப் பாதியே தந்துவந்தன.

ஒரு மாலைப்பொழுதில் அவர் என்னைத் திண்ணைக்கு அழைத்தார். கையில் அந்த வண்ணத்தாளும், அதனுடன் இணைத்திருந்த ஆண்டறிக்கையும் இருந்தன.

“மக்களே, நீ காலேஜில கணக்குச் சொல்லிக் குடுக்கியவனாக்கும். இதுல பைசா போட்டா கொள்ளாமா?” என்று கேட்டார்.

அவ்வறிக்கையில் இருப்புநிலைக் குறிப்பு இருந்தது. அதே வாரத்தில் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு இருப்புநிலைக் குறிப்பை எவ்வாறு ஆராய்வது என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தவன் நான். ஆயினும் அத்தாளை நான் புரட்டிப் பார்க்கவில்லை. அந்த நிறுவனத்தின் முகவர் எனக்குத் தெரிந்தவர். வேண்டாம் என்று சொல்லி, மற்றவர்கள் வட்டி வாங்கத் தொடங்கினால் பழி என் தலையில் விழும். “எல்லாரும் போடுறாங்க சார், நீங்களே யோசிச்சுக்கிடுங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். பொய்யும் சொல்லவில்லை, மெய்யும் சொல்லவில்லை. அறிவுரை போல ஒலித்த ஒரு நழுவல் அது.

1998-ஆம் ஆண்டு ஒரு காலையில் அந்தக் கண்ணாடிக் கதவின் முன் பூட்டுத் தொங்கியது. தமிழகம் முழுவதும் அக்காலத்தில் எத்தனையோ கதவுகள் அவ்வாறு மூடின. முதலீட்டாளர் நலனைக் காக்கத் தமிழ்நாடு அரசு 1997-இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. சட்டம் வந்தது, தலைமையாசிரியரின் பணம் வரவில்லை. தோப்பில் ஒரு பகுதியை விற்று மகளின் திருமணத்தை நடத்தி முடித்தார். என்னைக் கண்டால் முன்போலவே சிரித்துப் பேசினார். அந்தச் சிரிப்பைத் தவிர்ப்பதற்காகவே நான் சுற்றுவழியில் வீட்டுக்குப் போகத் தொடங்கினேன்.

நம் மண்ணுக்கு இத்தகைய இழப்பு புதிதன்று. நாஞ்சில் நாடு திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், 1938-இல் திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி மூடப்பட்டபோது பல குடும்பங்களின் சேமிப்பு முடங்கியது. 1960-இல் பாலை சென்ட்ரல் வங்கி வீழ்ந்தது. அவ்வீழ்ச்சியின் பயனாகவே 1962 முதல் வங்கி வைப்புகளுக்குக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் ஒருவருக்கு 1,500 ரூபாய் அளவே இருந்த அக்காப்பீடு, 2020 முதல் 5,00,000 ரூபாயாக உயர்ந்தது. ஆனால் நிதி நிறுவனங்களில் இடும் பணத்துக்கு அக்காப்பீடு இல்லை. இவ்வொரு செய்தியையாவது அன்று அத்திண்ணையில் நான் சொல்லியிருக்கலாம்.

கொலம்பியாவில் ஒரு மாலை வகுப்பு

1999-இல் திருவனந்தபுரத்தில் பாளையம் நடைபாதைக் கடையொன்றில், அட்டை கிழிந்த பழைய நூல் ஒன்று கிடைத்தது. பெஞ்சமின் கிரகாம் 1949-இல் எழுதிய ‘அறிவார்ந்த முதலீட்டாளர்’ என்னும் பொருள்படும் ஆங்கில நூல் அது. விற்றவருக்கு அதன் மதிப்புத் தெரியாது. வாங்கிய எனக்கும் அப்போது தெரியாது.

கிரகாமின் வாழ்க்கையைப் படித்தபோது என் தெருவையே அதில் கண்டேன். 1894-இல் இலண்டனில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே நியூயார்க்குக்கு வந்தவர் அவர். ஒன்பது வயதுச் சிறுவனாக இருந்தபோது தந்தையை இழந்தார். கைம்பெண்ணான தாய் கடன்வழியில் பங்குகள் வாங்கி, 1907-ஆம் ஆண்டு நெருக்கடியில் இருந்ததையும் இழந்தார். வறுமையில் படித்து, 1914-இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றபோது, ஆங்கிலம், கணிதம், தத்துவம் ஆகிய மூன்று துறைகளும் அவரை ஆசிரியராக வருமாறு அழைத்தன என்பது தமிழ்த்துறை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி. அவர் குடும்ப நிலை கருதிப் பங்குத்தரகு அலுவலகத்தில் சேர்ந்தார்.

1920-களின் இறுதியில் கொலம்பியாவில் மாலை வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். அவ்வகுப்பில் அவர் சொன்னவற்றைக் குறிப்பெடுத்தவர் டேவிட் டாட் என்னும் இளம் ஆசிரியர். இருவரும் இணைந்து 1934-இல் வெளியிட்ட ‘பத்திர ஆய்வு’ என்னும் பெருநூலே இத்துறைக்கு அடித்தளமாயிற்று. இடையில் 1929-இல் அமெரிக்கச் சந்தை சரிந்தது. கிரகாம் நடத்திய கூட்டு முதலீடு மூன்றாண்டுகளில் மூன்றில் இரு பங்குக்கு மேல் கரைந்தது. அவர் ஊரைவிட்டு ஓடவில்லை. கூட்டாளிகளின் இழப்பு ஈடாகும் வகையில் ஆண்டுக்கணக்கில் ஊதியமின்றி உழைத்தார். இழந்தவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே எழுதிய நூல் என்பதால்தான், ஆதாயத்தைக் காட்டிலும் இழப்பைத் தவிர்ப்பதையே அது முதலில் பேசுகிறது.

அவர் கற்பித்தவற்றை மூன்று கருத்துகளாகச் சுருக்கலாம். முதலாவது, பங்கு என்பது சந்தையில் துள்ளும் ஓர் எண் அன்று; ஒரு தொழிலில் நமக்குள்ள உடைமை. நம் ஊரில் ஒற்றிக்கு வயல் பிடிப்பவர் எத்தனை ஆராய்கிறார்! பட்டாவைப் பார்க்கிறார், வில்லங்கச் சான்று எடுக்கிறார், கால்வாய்த் தண்ணீர் கடைமடை வரை வருமா என்று நான்கு பேரைக் கேட்கிறார். அதே மனிதர் பங்கோ வைப்போ வாங்கும்போது வண்ணத்தாளை நம்பிவிடுகிறார். இரண்டாவது, சந்தையை நாள்தோறும் நம் வாயிலில் வந்து நிற்கும் மனநிலை மாறும் பங்காளியாகக் கருத வேண்டும். அவர் ஒருநாள் மகிழ்ச்சி மிகுந்து பெருவிலை கேட்பார். மறுநாள் கலங்கி அடிமாட்டு விலைக்குத் தருவார். அவரோடு வணிகம் செய்யலாம். அவருடைய மனநிலையை நாம் வாங்கிக்கொள்ளக் கூடாது. மூன்றாவது, காப்பு இடைவெளி. நாம் கணக்கிட்ட மதிப்பு பிழையாகவும் இருக்கலாம் ஆகையால், அம்மதிப்புக்கு மிகக் கீழான விலையிலேயே வாங்க வேண்டும். தன் அறிவின் எல்லையை அறிந்தவன் வகுத்த விதி இது.

அவரிடம் 1950-51-இல் பயின்ற மாணவர்களுள் ஒருவர் வாரன் பஃபெட். உலகம் மாணவரின் செல்வத்தைப் பேசுகிறது. நான் ஆசிரியரின் கரும்பலகையை எண்ணிப் பார்க்கிறேன். அன்றாடச் சந்தையில் உள்ள நிறுவனங்களையே வகுப்புக்கு எடுத்து வந்து மாணவர்முன் ஆராய்ந்தவர் அவர். நானோ ‘அ’ நிறுவனம், ‘ஆ’ நிறுவனம் என்று பாடநூல் எண்களைப் பலகையில் எழுதிவிட்டு, என் தெருவில் திறந்த நிறுவனத்தின் கணக்கைப் பார்க்காதவன்.

மீண்டும் அதே திண்ணை

இந்நூலைப் படித்து முடித்த பின்னும் தலைமையாசிரியரிடம் செல்ல எனக்கு ஓராண்டு பிடித்தது. 2000-ஆம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்றேன். மன்னிப்புக் கேட்கத் தொடங்கியவனைக் கையமர்த்தி, உள்ளே சென்று பழைய நோட்டுப்புத்தகம் ஒன்றை எடுத்து வந்தார். அதற்குள் அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கை மடித்து வைக்கப்பட்டிருந்தது.

“போனது போட்டு. அந்தக் கணக்கு என்னவாக்கும்னு எனக்கும் ஒரு மட்டம் சொல்லித்தா. தெரியாம சாவக் கூடாதுல்லா” என்றார்.

முதலில் 24 விழுக்காட்டை எடுத்துக்கொண்டோம். 1,00,000 ரூபாய் அவ்வட்டியில் பெருகினால் மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 1,90,000 ரூபாயாகும். பத்து ஆண்டுகளில் 8,59,000 ரூபாயாகும். “உங்கள் அறிவில் எந்த வயல், எந்தத் தோப்பு, எந்தக் கடை பத்து ஆண்டுகளில் எட்டு மடங்குக்கு மேல் பெருகியது?” என்று கேட்டேன். அவர் தலையசைத்தார். அடுத்து, நமக்கு 24 கொடுப்பவன் கட்டட வாடகை, ஊழியர் சம்பளம், முகவர் தரகு, வாராக்கடன் ஆகிய எல்லாம் போக நிற்க வேண்டுமானால், 36-க்குக் குறையாமல் கடன் கொடுக்க வேண்டும். 36 விழுக்காட்டுக்குக் கடன் வாங்குபவன் யார்? வேறெங்கும் கடன் கிடைக்காதவன். ஆகவே நம் வட்டி வணிகத்திலிருந்து வரவில்லை. நமக்குப் பின் பணம் போட்டவரின் முதலிலிருந்தே வந்தது. பிறகு அறிக்கையைப் பிரித்தோம். வைப்பாகப் பெற்ற தொகை ஓராண்டில் இரு மடங்காகியிருந்தது. கடனிலிருந்து வந்த வருமானம் அசையவே இல்லை. சொந்த முதலோ பெயரளவுக்கு இருந்தது. மூன்று வரிகள். நான்கு ஆண்டுகளுக்கு முன் பத்து நிமிடத்தில் படித்திருக்கக்கூடிய மூன்று வரிகள்.

அவர் எல்லாவற்றையும் தம் உருண்டைக் கையெழுத்தில் நோட்டில் எழுதிக்கொண்டார். கடைசியில் நிமிர்ந்து, “நல்லாச் சொல்லிக் குடுக்கிய மக்களே” என்றார். அவர் வைதிருந்தால் தாங்கியிருப்பேன்.

சற்று நேரம் கழித்து அவரே மீண்டும் பேசினார். தெரிந்துசெயல்வகை அதிகாரத்தில், வரப்போகும் ஆக்கத்தை எண்ணிக் கையிலுள்ள முதலை இழக்கும் செயலில் அறிவுடையோர் இறங்கமாட்டார் என்று வள்ளுவர் கூறியிருப்பதை நினைவூட்டினார். “இந்தக் குறளை எத்தனை பிள்ளையளுக்கு நான் சொல்லிக் குடுத்திருக்கேன்! எனக்கு நானே சொல்லிக்கிடல” என்றார்.

அன்று அத்திண்ணையில் இரண்டு ஆசிரியர்கள் இருந்தோம். ஒருவர் குறளைக் கற்பித்தவர். மற்றவர் கணக்கைக் கற்பித்தவர். இருவரும் பாடத்தை வகுப்பறையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருந்தோம்.

சென்னையிலிருந்து நியூயார்க்

அதன்பின் என் பாடமுறையை மாற்ற எண்ணினேன். வழிகாட்ட யாருமில்லையே என்று தயங்கிய காலத்தில், கல்லூரியில் இணைய வசதி வந்தது. அதன் வழியாக எனக்குக் கிடைத்த ஆசிரியர் அஸ்வத் தாமோதரன்.

சென்னை லயோலா கல்லூரியில் வணிகவியல் பயின்று, பெங்களூரு இந்திய மேலாண்மைக் கழகத்தில் படித்து, பின்னர் லாஸ் ஏஞ்சலிஸில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1985-இல் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். பெர்க்லியில் ஈராண்டு கற்பித்துவிட்டு, 1986-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஸ்டெர்ன் வணிகப் பள்ளியில் சேர்ந்தார். நிறுவன நிதியும் மதிப்பீடும் அவர் கற்பிக்கும் பாடங்கள். ஒரு தொழிலின் மதிப்பு என்பது அது வருங்காலத்தில் ஈட்டப்போகும் பணம், அது வளரும் வேகம், அதிலுள்ள இடர் ஆகிய மூன்றால் அமைவது; விலையோ வாங்குவோர் விற்போரின் மனநிலையால் அமைவது. இந்த வேறுபாட்டை அவர் போல் எளிமையாக விளக்கியவர் குறைவு. பிற்காலத்தில் ஹரியானாவின் குர்கானில் மேலாண்மை வளர்ச்சிக் கழகத்தில் சஞ்சய் பக்‌ஷி இத்துறையைக் கற்பித்ததையும் அறிந்தேன். ஆனால் என் உள்ளத்தில் இடம்பிடித்தவர் தாமோதரனே. அதற்குக் காரணங்கள் இரண்டு.

முதலாவது, அவருடைய கொடை. பெருந்தொகை கட்டிச் சேர்ந்த மாணவர்க்கு நடத்தும் அதே வகுப்புகளை, குறிப்புகளோடும் தேர்வுத் தாள்களோடும் உலகில் எவரும் கட்டணமின்றிக் காணுமாறு இணையத்தில் வைத்துவிட்டார். ஆண்டுதோறும் சனவரியில் உலக நாடுகளின் நிறுவனங்கள் பற்றிய தரவுகளைத் திரட்டித் துறைவாரியாகத் தொகுத்து அனைவர்க்கும் வழங்குகிறார். நியூயார்க்கின் வகுப்பறையில் கடைசி வரிசை, கல்குளம் தாலுகாவில் ஒரு கணினியின் முன் எனக்குக் கிடைத்தது. விலையின்றிக் கிடைத்த அந்தக் கல்வியின் மதிப்பை இன்றும் என்னால் கணக்கிட இயலவில்லை.

இரண்டாவது, பிழையை மறைக்காத துணிவு. 2014-ஆம் ஆண்டு ஊபர் என்னும் வாடகை வண்டி நிறுவனத்துக்கு முதலீட்டாளர்கள் 1,700 கோடி டாலர் விலை வைத்தபோது, தம் கணக்கில் அதன் மதிப்பு ஏறத்தாழ 590 கோடி டாலரே என்று அவர் வெளிப்படையாக எழுதினார். அந்நிறுவனத்தில் முதலிட்டிருந்த பில் கர்லி என்பவர், பேராசிரியர் அதன் சந்தையை மிகக் குறுக்கிப் பார்த்துவிட்டார் என்று மறுப்பெழுதினார். தாமோதரன் சினங்கொள்ளவில்லை. கர்லி சொல்லும் கதையை ஏற்றால் கணக்கு எவ்வாறு மாறும் என்று தாமே போட்டுக் காட்டினார். மதிப்பு பன்மடங்கு உயர்ந்தது. 2017-இல் அவர் வெளியிட்ட ‘கதையும் எண்ணும்’ என்னும் பொருள்படும் நூலில் அவ்விவாதத்தைப் பாடமாகவே வைத்தார். ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் ஒரு கதை இருக்கிறது; அக்கதை நடக்கக்கூடியதா என்று எண்ணைக் கொண்டே சோதிக்க வேண்டும் என்பது அந்நூலின் கருத்து.

கிரகாமின் வழியினர் எனக் கூறிக்கொள்வோரையும் அவர் விட்டுவைக்கவில்லை. மதிப்பறிந்து முதலிடும் கலை நாளடைவில் வளையாத விதிகளாகவும், சடங்குகளாகவும், தாமே நல்லவர் என்னும் செருக்காகவும் உறைந்துவிட்டது என்று 2020-இல் கண்டித்தார். மலிவாகக் கிடைக்கும் பழைய நிறுவனம் மட்டுமே மதிப்புடையது என்பதும், வளரும் நிறுவனம் எதையும் மதிப்பிடவே முடியாது என்பதும் சோம்பலே என்பது அவர் வாதம். ஆசானை மறுப்பது அவமதிப்பு ஆகாது. ஆசான் கேட்ட கேள்வியைத் தொடர்ந்து கேட்பதே மரியாதை என்று எனக்குத் தோன்றியது. 1929-இல் தம் கணக்குத் தவறியதைக் கண்டு விதியையே திருத்திய கிரகாமும் இதைத்தான் செய்தார்.

தோவாளையும் குலசேகரமும்

இவ்விருவரிடம் கற்றதை நம் மாவட்டத்து மாணவர்க்கு எவ்வாறு சொல்வது? ரப்பர் தோட்டத்தைக் கொண்டே சொல்லத் தொடங்கினேன். குலசேகரம், அருமனைப் பகுதிகளிலிருந்து வந்த மாணவர்கள் பலர், விடியற்காலையில் பால்வெட்டும் குடும்பத்துப் பிள்ளைகள்.

பலகையில் ஒரு கணக்கை எழுதுவேன். ஒரு தோட்டத்தைப் பத்து ஆண்டுகளுக்குப் பாட்டத்துக்கு எடுக்கிறோம். செலவு போக ஆண்டுக்கு 40,000 ரூபாய் மிஞ்சும் என்று வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டுகளில் வருவது 4,00,000 ரூபாய். அதற்கு இன்று 4,00,000 ரூபாய் கொடுக்கலாமா? கூடாது. பத்து ஆண்டு கழித்து வரும் ரூபாய் இன்று கையிலிருக்கும் ரூபாய்க்கு நிகரன்று. ஆண்டுக்கு 10 விழுக்காடு கழித்துக் கணக்கிட்டால், அவ்வருமானம் முழுவதன் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 2,45,000 ரூபாயே. அதையும் முழுமையாகக் கொடுக்கலாமா? மழை நீண்டால் பால்வெட்டு நிற்கும். விலையும் வீழலாம். 2011-இல் கிலோ 200 ரூபாயைத் தாண்டிப் பறந்த ரப்பர், 2016-இன் தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே வந்ததை அம்மாணவர்கள் வீட்டு அடுப்பங்கரையிலேயே கண்டவர்கள். ஆகவே 1,65,000 ரூபாய்க்குக் கிடைத்தால் எடுக்கலாம். எஞ்சிய 80,000 ரூபாய் நம் அறியாமைக்கு நாம் ஒதுக்கும் காப்பு. இவ்வளவுதான் கிரகாமின் காப்பு இடைவெளி. இவ்வளவுதான் தாமோதரனின் மதிப்பீடு. எஞ்சியவை நுணுக்கங்கள்.

சந்தையின் மனநிலையை விளக்கத் தோவாளைப் பூச்சந்தை போதும். முகூர்த்த நாளின் முந்தைய நாள் பிச்சிப்பூவும் மல்லிகையும் என்ன விலை விற்கின்றன! ஓணத்துக்கு மலையாளக் கரைக்குப் பூ ஏறும் நாள்களில் என்ன விலை! விழா முடிந்த மறுநாள் பறிகூலிக்கும் கட்டாமல் போவதும் உண்டு. அதனால் தோட்டத்தின் மதிப்பு ஒரே இரவில் ஏறியதா, இறங்கியதா? பூவின் விலையைக் கண்டு தோட்டத்தை விற்பவன் எவனுமில்லை. 1992-இல் ஹர்ஷத் மேத்தா காலத்தில், 200 ரூபாய் அளவிலிருந்த ஏ.சி.சி. பங்கு சில மாதங்களில் 9,000 ரூபாயை நெருங்கியது. அந்தத் தொழிற்சாலைகள் அதற்குள் நாற்பது மடங்கு சிமெண்டு உற்பத்தி செய்துவிடவில்லை. பூவின் விலையைத் தோட்டத்தின் மதிப்பென்று நாடே மயங்கிய காலம் அது.

இன்று அம்மயக்கம் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. ‘ஆப்ஷன்’ எனப்படும் வாணிகத்தில் மாணவர் சிலர் விடுதி அறையிலிருந்தே இறங்குகின்றனர். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் இவ்வகை முன்பேர வாணிகத்தில் இறங்கிய தனிநபர்களுள் 93 விழுக்காட்டினர் இழப்பையே கண்டனர் என்றும், அவ்விழப்பின் மொத்தம் 1,80,000 கோடி ரூபாயைத் தாண்டியது என்றும் பங்குச்சந்தை ஒழுங்காணையமான ‘செபி’ 2024 செப்டம்பரில் வெளியிட்டது. நூற்றுக்கு எழுவரே பிழைத்த ஆட்டத்தை முதலீடு என்று அழைப்பது தமிழுக்கே இழுக்கு. கூட்டாக முதலிட்டு, ஆதாயத்திலும் நட்டத்திலும் பங்கேற்கும் வணிகம் நம் கடற்கரை மக்களும் அங்காடி மக்களும் தலைமுறைகளாக அறிந்தது. பங்கு என்ற சொல்லே அதைத்தான் குறிக்கிறது. ஒரு தொழிலில் பங்காளியாவது வேறு. அத்தொழிலின் பெயரை வைத்துப் பந்தயம் கட்டுவது வேறு.

நிறைவாக

நான் பெரும் முதலீட்டாளன் ஆகவில்லை. ஓய்வூதியத்தில் வாழ்கிறேன். என் மாணவர் ஒருவரும் பஃபெட் ஆகவில்லை. ஆனால், தங்கள் தந்தையார் பணம் போடவிருந்த நிறுவனத்தின் அறிக்கையை வகுப்புக்கு எடுத்து வந்து, “சார், இதைப் பார்க்கலாமா?” என்று கேட்ட மாணவர் சிலர் உண்டு. அவற்றைப் பலகையில் எழுதி எல்லோரும் சேர்ந்து பிரித்துப் பார்த்தோம். சிலவற்றை வேண்டாம் என்றோம். அவற்றுள் ஒன்றிரண்டு நன்றாகவே வளர்ந்து எங்களைப் பொய்யாக்கின. அதையும் அடுத்த ஆண்டு மாணவரிடம் சொன்னேன்.

தலைமையாசிரியர் 2009-இல் மறைந்தார். துக்கம் விசாரிக்கச் சென்றபோது அவர் மகள் அந்த நோட்டுப்புத்தகத்தை என்னிடம் கொடுத்தார். நான் சொன்ன கணக்கின் கீழே, பிற்பாடு யார் யாரோ கொண்டுவந்து காட்டிய சிட்டுகள், வைப்புத் திட்டங்கள் எல்லாவற்றையும் அதே முறையில் அவர் போட்டுப் பார்த்திருந்தார். ஒவ்வொன்றின் எதிரிலும் ‘கொள்ளாம்’, ‘வேண்டாம்’ என்று எழுதியிருந்தார். தெருவில் பாதிப்பேர் அவரிடம் கேட்டுவிட்டே பணம் போட்டார்களாம். எனக்கு அகரம் கற்பித்தவர், நான் தாமதமாகக் கற்பித்த ஒரு மணி நேரப் பாடத்தையும் என்னைவிடச் சிறப்பாகக் கற்பித்துச் சென்றிருக்கிறார்.

மாணவச் செல்வங்களே, தமிழ் படித்தாலும் வணிகவியல் படித்தாலும், நாளை உங்கள் தெருவில் ஒரு பெரியவர் ஒரு தாளை நீட்டி உங்களிடம் கேட்பார். நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து போகாதீர்கள். திண்ணையில் உட்கார்ந்து, அவருடன் சேர்ந்து அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.